தேறிட்டீங்க டீச்சர்

ஒரு சொல்லு மேல அருவருப்பு வருமான்னு கேட்டா, வரும். "தேறிட்டீங்க"ன்னு யாராவது சொன்னா எனக்கு வயித்தக் கொமட்டும்.

பதுளையில பஸ் ஏறி ஒக்காந்தா போதும். முன் சீட்டுல இருந்து ஒரு பொம்பள திரும்பி, தலையில இருந்து கால் வரைக்கும் என்னை ஒரு பார்வ பாத்துட்டு, மொகம் பூரா சிரிப்போட, "அப்பாடா, இப்பத்தான் டீச்சர் மனுசி மாதிரி இருக்கீங்க. நல்லா தேறிட்டீங்க"ன்னு சொல்லும். பக்கத்துல ஒக்காந்திருக்கிறது என் கையப் புடிச்சு, மணிக்கட்டச் சுத்தி வெரலப் போட்டுப் பாக்கும். வெரலும் வெரலும் தொடாது. "பாருங்க, சதை புடிச்சிருச்சு"ன்னு பஸ்ஸுக்கே கேக்குற மாதிரி சொல்லும். நான் பல்லக் காட்டிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன். ஆடு வாங்க வந்தவங்க கூட இப்படித் தடவிப் பாக்க மாட்டாங்க.

இந்தச் சதையக் கொறைக்கத்தான் நான் வயித்தையே வெட்டிக்கிட்டேன். அது அந்த பஸ்ஸுல ஒருத்தருக்கும் தெரியாது.

நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துல கணக்கு படிச்சுக் குடுக்கிறேன். பொறந்ததும் அதே தோட்டத்து லயத்துலதான், கூலிக்காரங்களுக்கு வரிசையா கட்டுன வீட்டுல. கல்யாணம் கட்டி பதுளை டவுனுக்கு வந்த பெறகும் மாத்தல் கேக்காம தெனமும் அங்கயே போய் வந்துக்கிட்டு இருக்கேன். வீட்டுக்காரருக்கு பஜார்ல சின்னதா ஒரு புடவைக் கடை. பிள்ளைங்க ரெண்டும் வெளியூர்ல படிக்குதுங்க.

நான் எப்பவும் குண்டுதான். அதுல எனக்கு வெக்கம் இருந்துச்சே தவிர பயம் இல்ல. பயம் வந்தது எங்கம்மாவால. எங்கம்மா கொழுந்து எடுத்த பொம்பள. கடைசிக் காலத்துல சீனி வியாதி வந்து, பாதத்துல வந்த புண்ணு ஆறாம, முழங்காலுக்குக் கீழ காலையே எடுத்துட்டாங்க. வாழ்க்கை பூரா மலை ஏறி எறங்குன காலு. அந்தக் கட்டுத் துணிய நான்தான் மாத்துவேன். அந்த வாட இன்னும் என் மூக்கவிட்டுப் போகல. அப்புறம் ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் படியில ஏறிக்கிட்டு இருக்கேன், பின்னால வந்த பொடிச்சி ஒண்ணு, "டீச்சர், ஒங்க செருப்பு கீழ கெடக்கு"ன்னு தூக்கிக்கிட்டு ஓடி வருது. செருப்பு கழண்டது என் காலுக்குத் தெரியல. மரத்துப் போயிருக்கு. வெறுங்கால்ல கல்லுல நடந்திருக்கேன். அன்னைக்கு அந்தப் படியிலயே ஒக்காந்துட்டேன்.

சீனி எனக்கும் வந்திருச்சு. கொழும்புல டாக்டர் சொன்னது இதுதான்: வயித்துல முக்காவாசிய வெட்டி எடுத்துட்டு மிச்சத்த ஒரு வாழப்பழ அளவுக்குத் தைச்சு விட்டுருவாங்க. கொஞ்சமா சாப்பிட்டாலே ரொம்பிரும். எடை கொறையும், சீனியும் கட்டுக்குள்ள வரும். நான் சரின்னுட்டேன். காலு வேணும் எனக்கு.

பொய் சொன்னது எங்க வீட்டுக்காரர். நான் இன்னும் மயக்கம் தெளியாம கெடக்கேன். ஊர்ல இருந்து யாரோ போன் எடுத்து என்னா ஒப்பரேசன்னு கேக்க, மனுசன் திருதிருன்னு முழிச்சிருக்காரு. பொண்டாட்டி தின்னு தின்னு வயித்த வெட்டுற அளவுக்கு வந்துட்டான்னு கடைக்கு வர்ற சனம் சிரிக்குமேன்னு பயம். "வயித்துல ஒரு கட்டிங்க. எடுத்துட்டாங்க"ன்னு சொல்லிட்டாரு. நான் கண்ண முழிக்கிறதுக்குள்ள அந்தக் கட்டி பசறை டவுனத் தாண்டி தோட்டத்து மலை ஏறிருச்சு. எங்க பக்கத்துல கட்டின்னா ஒரே அர்த்தம்தான். அந்த வியாதியோட பேர யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. சொன்னா ஒட்டிக்கும்னு பயம்.

வீட்டுக்கு வந்த வாரமே ஒரு வேன் புடிச்சு தோட்டத்துப் பொம்பளைங்க வந்து எறங்குனாங்க. நான் கரண்டியால கஞ்சித் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கேன். என்னையச் சுத்தி ஒக்காந்து ஒப்பாரி வைக்காத கொறை. ஒருத்தி கோழி சூப்பு, ஒருத்தி பால்மா பெட்டி, ஒருத்தி நாட்டுக்கோழி முட்டை. அவங்கள்ல ஒரு ஆளு மட்டும் அழாம மூலையில நின்னாங்க. எங்க லயத்துல பக்கத்துக் காம்பராவுல, ஒரே செவத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா. என்னை விடக் கொஞ்சம் மூத்தவங்க. மழை நாள்ல என்னை முதுகுல தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடம் போனவங்க. படிப்ப நிப்பாட்டி அவங்கள கொழுந்து எடுக்க அனுப்பிட்டாங்க, நான் படிச்சு டீச்சராகி அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்தேன். வந்த அன்னையில இருந்து எனக்கு வாங்க போங்கதான். "வேணாம்க்கா, பழைய மாதிரி கூப்பிடுங்க"ன்னு நான் கெஞ்சிப் பாத்துட்டேன், கேக்கல.

எல்லாரும் எந்திரிச்ச பெறகு அந்த அக்கா கட்டில்கிட்ட வந்து, மஞ்சத் துணியில முடிஞ்ச காச என் தலையச் சுத்தி எடுத்து அவங்க முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. "நீங்க தேறணும் டீச்சர். பழைய ஒடம்பு அப்படியே திரும்பி வரணும். மூணு வருசம் தீச்சட்டி எடுக்கிறேன்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்"னாங்க. எனக்கு அப்ப பேசவே தெம்பில்ல. வீட்டுக்காரர் வாசப்படியில நின்னு செவத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

மெலிஞ்சேன். எப்படி மெலிஞ்சேன்! அதுலயும் அசிங்கம் கொஞ்ச நஞ்சமில்ல. ஒரு வாய் கூடப் போனா நொர நொரயா வாந்தி வரும், பள்ளிக்கூடத்துக் கக்கூஸ்ல குனிஞ்சு நின்னு எச்சியா துப்புவேன். குளிச்சா வாய்க்கால் பூரா முடி. ஆனா சீனி மாத்திரைய நிப்பாட்டிட்டாங்க. கால்ல உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமா திரும்புச்சு. ஒரு நாள் குளுந்த சிமெந்துத் தரையில கால வச்சதும் சில்லுன்னு ஏறுச்சு, நான் நடு வீட்டுல நின்னு சிரிச்சேன். பள்ளிக்கூடத்துப் படிய நிக்காம ஏறுவேன். அந்த வருசம் மாதிரி நான் எந்த வருசமும் சந்தோசமா இருந்ததில்ல.

வளைவுல கொழுந்துக் கூடையோட நிக்கிற பொம்பளைங்க என்னைப் பாத்ததும் பேச்ச நிப்பாட்டிருவாங்க. முந்தானையால கண்ணத் தொடப்பாங்க. நான் உள்ளுக்குள்ள துள்ளிக்கிட்டு ஏறுவேன், அவங்க எனக்குப் பாடை கட்டிக்கிட்டு இருப்பாங்க. கட்டி வந்தவ மெலிஞ்சா முடிஞ்சதுன்னு அர்த்தம், சதை வச்சா பொழச்சான்னு அர்த்தம். அதுதான் அவங்க கணக்கு. கணக்கு டீச்சர் நான், அந்தக் கணக்க மாத்த முடியல. வயித்த வெட்டிக்கிட்டேன்னு வெளியில சொல்ல எனக்கும் வெக்கம்.

அதனால என்னைத் தேத்துனாங்க. ஒரு தோட்டமே சேந்து ஒரு பொம்பளையத் தேத்துறதுன்னா என்னான்னு தெரியுமா? பிள்ளைங்க பைக்குள்ள இருந்து ரொட்டி வரும், சோள மாவுல செஞ்ச என்னமோ வரும், "அம்மா குடுக்கச் சொன்னாங்க டீச்சர்"னு பால் கோவா வரும். கூட இருக்கிற டீச்சர்மார் இன்டர்வெல்லுக்கு என் கோப்பையில மட்டும் கெட்டியா இனிக்கிற டின் பால கரண்டி கரண்டியா ஊத்துவாங்க. மொனராகலையில இருந்து நாத்தனா வந்தா எரும தயிர்ச் சட்டியும், அதுல ஊத்திக்க வெல்லப் பாகு மாதிரி கித்துல் பாணியும். எல்லாரும் ஒரே வார்த்த: "ஒரு வாய். ஒரு வாய்தானே." வேணாம்னு சொன்னா மொகம் வெளுத்துப் போகும். "ஐயோ, எறங்கலையா டீச்சர்?"னு கண்ணு கலங்கும். அந்தக் கண்ணப் பாக்கச் சகிக்காம வாயத் தொறந்துருவேன். சீனி இருக்குன்னு சொல்லிப் பாத்தேன். "கட்டியையே ஜெயிச்சுட்டீங்க, சீனி என்னா சீனி"ன்னுட்டாங்க. அந்த மலையில சீனி இல்லாத வீடே கெடையாது, சீனி போடாத தேத்தண்ணியும் கெடையாது.

ஆனா பூரா பழியையும் அவங்க மேல போட்டுட்டு நான் தப்பிச்சுக்க முடியாது. வெட்டுன வயிறு சோத்த ஏத்துக்காது. இறைச்சித் துண்டு ஒண்ணு சரியா மெல்லாமப் போனா நெஞ்சுல நின்னு உயிர் போகும். ஆனா டின் பாலு, ஐஸ்கிரீமு, தேத்தண்ணியில நனைச்ச பிஸ்கட்டு, பாணி ஊத்துன தயிரு, இதெல்லாம் வழுக்கிக்கிட்டு எறங்கிரும். வயிறு ரொம்பாது, வலிக்காது, நாள் பூரா எறக்கலாம். இதக் கண்டுபிடிச்சது என் நாக்கு. யாரும் சொல்லித் தரல.

ஒரு ஞாயித்துக்கிழம வீட்டுக்காரர் கடைச் சாமான் எடுக்கப் போயிருந்தாரு. நான் குசினியில அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே டின் பால வெரலால தொட்டு நக்கிக்கிட்டு இருக்கேன். டின்னு ஓரத்துல எறும்பு. கொஞ்சம் உள்ளயும் வுழுந்து ஒட்டிக்கிட்டு கெடக்கு. நான் என்னா செஞ்சேன்? எறும்ப நகத்தால ஒதுக்கிட்டு நக்குனேன். கடைசியில ஒதுக்கக் கூட இல்ல. தூ! படிச்ச பொம்பள, சத்திர சிகிச்சை செஞ்ச பொம்பள, எறும்போட சேத்து நக்குது. வாயக் கழுவிட்டு நிமிந்தா கண்ணாடி. கருமம் புடிச்ச கண்ணாடி.

ஒடம்பப் பத்திச் சொல்லவே கூசுது, சொல்லிடுறேன். மெலிஞ்சப்ப வயித்துத் தோலு காலியா மடிஞ்சு தொங்குச்சு, ஈரத் துணியக் கட்டி விட்ட மாதிரி. அது போகாது, அதுக்குத் தனியா இன்னொரு ஒப்பரேசன் வேணும்னாங்க. இருந்துட்டுப் போகுதுன்னு விட்டேன். இப்ப அந்தக் காலித் தோலு அடியில இருந்து திரும்ப ரொம்புது. மடிப்புக்குள்ள வேர்த்துப் புண்ணாகி, பவுடர் போட்டா பவுடரும் வேர்வையும் சேந்து பசையாகி, சாயங்காலம் சாரியக் கழட்டுனா எனக்கே மூச்ச அடக்கணும். பழைய ஜாக்கெட்டுங்கள எல்லாம் பிடிச்சுத் தைச்சு வச்சிருந்தேன், ஒவ்வொண்ணா தையலப் பிரிக்க ஆரம்பிச்சேன்.

கிளினிக்குல சாப்பாடு பத்திச் சொல்ற மிஸ் ஒரு சிங்களப் பொண்ணு. தமிழ் நல்லாத்தான் பேசும், ஆனா சுத்தி வளைக்கத் தெரியாது. ஒரு நாள்ல என்னென்ன வாயில போகுதுன்னு கேட்டுச்சு. நான் சொல்லச் சொல்ல பேனாவ கீழ வச்சிருச்சு. "நீங்க சாப்பிடுறது இல்ல டீச்சர். நீங்க மேயுறது"ன்னுச்சு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. மொறைச்சுப் பாத்தேன். அது அசரல. "சீனி திரும்ப வந்தாச்சு. இன்னொரு தடவ வெட்டலாம்னு நெனைக்க வேணாம். யாரு குடுத்தாலும் வேணாம்னு சொல்லிப் பழகணும். அத நீங்கதான் செய்யணும், வேற மருந்து இல்ல"ன்னுச்சு. வேணாம்னு ஒரு சொல்லு. அதச் சொல்லத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் வயித்த வெட்டிக்கிறேன்?

இதுக்கு நடுவுல அக்கா வருசா வருசம் திருவிழாவுல தீச்சட்டி எடுத்தாங்க. எனக்காகன்னு தெரியும். எனக்கு அதப் பத்தி நெனைக்கவே புடிக்காது, நெனைக்காம இருந்தேன். மூணாவது வருசம், திருவிழாவுக்குக் கொஞ்ச நாளைக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழம. இன்டர்வெல் மணி இன்னும் அடிக்கல. எனக்குப் பாடம் இல்ல, தனியா ஒக்காந்து தேத்தண்ணியில பிஸ்கட்ட நனைச்சு வாயில வச்சிருக்கேன். வெளியில சத்தம். பள்ளிக்கூடத்துக்கு மேல மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தவங்க யாரையோ தூக்கிக்கிட்டு வந்து வராந்தாவுல படுக்கப் போடுறாங்க. எட்டிப் பாத்தா அக்கா. ஒதடெல்லாம் வெள்ளையா, கூடைக் கயிறு தலையில அழுத்துன தடம் அப்படியே இருக்கு.

"என்னாச்சு?"ன்னேன். வாய்க்குள்ள பிஸ்கட்டு கூழாக் கெடக்கு.

"இன்னைக்கு வெள்ளிக்கெழமல்ல டீச்சர்"னு தூக்கிக்கிட்டு வந்த பொம்பள சொல்லுச்சு. "செவ்வாயும் வெள்ளியும் பொழுது சாயிற வரைக்கும் வாயில பச்சத் தண்ணி வைக்காது. காலையில பேர் குடுக்க பெரட்டுக்கு வரும்போதே தள்ளாடிக்கிட்டுத்தான் வந்துச்சு. கங்காணி வேணாம்னு சொல்லியும் மலையேறிருச்சு. மூணு வருசமா இதே கூத்துதான். எல்லாம் நீங்க தேறணும்னுதான்."

சொல்லிட்டு அந்தப் பொம்பள என்னைப் பாத்து சிரிச்சுச்சு. பெருமையா சிரிச்சுச்சு. "ஆனா வீண் போகல பாருங்க"ன்னுச்சு.

எனக்கு அந்தக் கூழ முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. நான் கொழுக்கிறதுக்கு ஒரு பொம்பள பட்டினி கெடந்திருக்கு. வெயில்லயும் மழையிலயும் கூடையச் சுமந்துக்கிட்டு, காலி வயித்தோட. நான் ஒவ்வொரு டின்னா நக்கும்போதும் அங்க ஒரு வயிறு ஒட்டியிருக்கு. பின்னால ஓடிப் போய் வாந்தி எடுத்தேன். அன்னைக்கு வந்தது வெட்டுன வயித்தால வந்த வாந்தி இல்ல.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர்கிட்ட கத்துனேன். "நாளைக்கே போய் உண்மையச் சொல்றேன்."

"இப்ப சொல்லி என்னா ஆகப் போகுது? சாமி காரியம், அதுல போய் கைய வைக்காத. அந்தம்மா சந்தோசமா இருக்கு, ஊரே சந்தோசமா இருக்கு."

"நான்?"

"நீ கொஞ்சம் வாயக் கட்டு"ன்னாரு. அவரு தட்டுல கொத்து ரொட்டி மலை மாதிரி இருந்துச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல அந்தத் தட்டத் தூக்கி எறிஞ்சிருப்பேன். எறியல. அவரு எந்திரிச்சுக் கை கழுவப் போனதும் அதுல மிஞ்சுனதத் தின்னேன்.

திருவிழா அன்னைக்கு நான் போகாம இருந்திருக்கணும். ஆள் அனுப்பிட்டாங்க, வந்தே ஆகணும்னு. கோயில் வாசல்ல சனம். அக்கா மஞ்சப் பொடவையோட, வேப்பிலைய வச்சு ரெண்டு கையாலயும் தீச்சட்டியத் தூக்கிக்கிட்டு லயத்த எல்லாம் சுத்தி வந்தாங்க. எலும்புதான் நடந்து வருது. சட்டிய எறக்கி வச்சதும் பூசாரி மைக்கப் புடிச்சாரு. நம்ம பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவுக்கு வரக்கூடாத வியாதி வந்துச்சு, டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க (எந்த டாக்டரு விரிச்சான்?), ஆத்தா கை விடல. "கிட்ட வாங்கம்மா, எல்லாரும் பாக்கட்டும்! எப்படித் தேறியிருக்காங்க பாருங்க!"

என்னை முன்னால தள்ளி விட்டாங்க. மாலை போட்டாங்க. பொம்பளைங்க கொலவ போடுறாங்க. என் ரெண்டு தாடை, என் கை, இறுக்கிப் புடிச்ச ஜாக்கெட்டு, சாரிக்கு மேல பிதுங்குற அந்த மடிப்பு, எல்லாத்தையும் ஸ்பீக்கர் வச்சு மலைக்கே காட்டுனாங்க. நான் வெளியில சொல்லாம பூட்டி வச்சிருந்த அவமானத்துக்கு மேளம் அடிச்சாங்க. மாலையில இருந்த சாமந்தி வேர்வையில நசுங்கி நாறுச்சு. அங்கயே செத்துரலாம் போல இருந்துச்சு. பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன்.

பெறகு எல்லாரும் மஞ்சத் தண்ணி ஊத்தி விளையாடப் போயிட்டாங்க. அக்கா என் கையப் புடிச்சு அவங்க காம்பராவுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அவங்க வீட்டுக்காரர் செத்துப் போயிட்டாரு, மகன் கொழும்புல ஒரு கடையில வேலைக்கு நிக்கிறான், அக்கா தனிதான். தரையில தட்டு. தட்டு நெறய மாவிளக்கு மா, பச்சரிசி மாவும் சக்கரையும் நெய்யும் போட்டுப் பெசைஞ்சு உருட்டி வச்சிருக்கு. நடுவுல திரி எரிஞ்ச கருப்பு.

"முந்தா நேத்துல இருந்து பச்சத் தண்ணிதான்"னு சிரிச்சாங்க. "மூணு வருசமும் இன்னைக்கோட முடியுது. யாருக்கு வேண்டுனமோ அவங்க மொதல்ல ஒரு வாய் சாப்பிடணும். அப்புறம்தான் நான் விரதம் விடலாம். ஆ காட்டுங்க."

உருண்டைய எடுத்து என் வாய்கிட்ட கொண்டு வந்தாங்க. அந்தக் கை தீச்சட்டிச் சூட்டுல செவந்து கொப்பளிச்சிருந்துச்சு. நெய் வாசம் ஏறுச்சு. எனக்கு நாக்கு ஊறுது, தலையப் பின்னால இழுத்துக்கிறேன், ரெண்டும் ஒரே நேரத்துல. ஒரு வாய்தானே.

"எனக்குக் கட்டியே இல்லக்கா!"ன்னு கத்திட்டேன்.

அவங்க கை அப்படியே நின்னுச்சு. "என்னது?"

"கட்டியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் குண்டா இருந்தேன்ல, அது கொறையணும்னு வயித்த வெட்டிக்கிட்டேன். சீனிக்காக. மெலியத்தான் ஆஸ்பத்திரிக்கே போனேன். எல்லாரும் என்னைப் பாத்து அழுதீங்களே, அப்பத்தான் நான் நல்லா இருந்தேன். இப்ப தேறிட்டேன் தேறிட்டேன்னு கொலவ போடுறீங்களே, இப்பத்தான் எனக்கு வியாதி திரும்புது. எங்கம்மா காலு ஞாபகம் இருக்கா ஒங்களுக்கு? அந்தக் காலுதான் என்கிட்ட வந்துக்கிட்டு இருக்கு. நீங்க எல்லாரும் சேந்து ஊட்டி ஊட்டிக் கொண்டாந்து விடுறீங்க!"

கன்னத்துல ஒண்ணு வச்சிருக்கலாம். மூணு வருசம் என் வயித்துல அடிச்சியேடின்னு கேட்டிருக்கலாம். நான் அதுக்குத் தயாரா இருந்தேன், உண்மையச் சொன்னா அது வேணும்னு கூட இருந்துச்சு. அக்கா உருண்டையத் தட்டுல வச்சுட்டு, வெரல்ல ஒட்டுன மாவத் தட்டு ஓரத்துல வழிச்சாங்க. வெளியில பிள்ளைங்க மஞ்சத் தண்ணி வாளியோட கத்திக்கிட்டு ஓடுதுங்க.

"நான் ஆத்தாகிட்ட என்னா கேட்டேன்?"னாங்க, என்கிட்ட இல்ல, அவங்களுக்கே சொல்லிக்கிற மாதிரி. "பழைய ஒடம்பு அப்படியே திரும்பி வரணும்னு கேட்டேன்." அப்புறம் நெத்தியில படார்னு அடிச்சுக்கிட்டாங்க. "அடிப் பாவி! அப்ப ஆஸ்பத்திரியில வெட்டி எறிஞ்சத நான்ல திரும்பக் கொண்டாந்து வச்சிருக்கேன்! தப்பா வேண்டிட்டேனே புள்ள!"

"பைத்தியமாக்கா ஒங்களுக்கு? தின்னது நான். டின்னு டின்னா நக்குனது நான்."

"நீ தின்னாலும் ஒட்ட வச்சது அவதானே? நான் கேட்டேன், அவ குடுத்துட்டா. கேட்டத மாத்திக் கேட்டா மாத்திக் குடுப்பா." முந்தானை முடிச்ச அவுத்து, இன்னும் கோயில் உண்டியல்ல சேக்காத அந்த மஞ்சத் துணிய வெளிய எடுத்தாங்க. மொகத்துல ஒரு தெளிவு வந்திருச்சு. "நீ மெலியணும். இன்னொரு மூணு வருசம்தானே, இருந்துட்டுப் போறேன்." அந்த மா தட்டு இருக்கே, அத ஒரு கையால செவத்துப் பக்கமா தள்ளி வச்சாங்க. இனி அதத் தொடக்கூடாதாம். விரதம் அந்த நிமிசத்துல இருந்தே ஆரம்பிச்சிருச்சாம்.

எனக்கு வாழ்க்கையில அப்படி ஒரு அருவருப்பு வந்ததில்ல. எறும்ப நக்குனப்ப வரல, மாலை போட்டப்ப வரல. நான் கொழுக்கவும் அந்த வயிறு காயணும், நான் மெலியவும் அந்த வயிறு காயணும். எனக்குத் திங்காம இருக்கத் தெரியலைன்னு அதையும் எனக்காக இன்னொருத்தி செய்யணும். என்னா பொறப்பு இது!

துணியப் புடுங்கி வெளிய இஸ்தோப்புத் திண்ணையில வீசுனேன். "என் பட்டினிய நான்தான் கெடக்கணும். நீங்க ஏன் கெடக்குறீங்க? சாகணுமா?" தட்ட இழுத்து, உருண்டைய எடுத்து, அவங்க வாயில வச்சு அமுக்குனேன். தலைய அசைச்சாங்க. "முழுங்குங்க! தெய்வக் குத்தம் வந்தா எனக்கு வரட்டும். முழுங்குங்கன்னு சொல்றேன்ல!"

முழுங்குனாங்க. கண்ணுல இருந்து பொல பொலன்னு ஊத்துது, வாய் மெல்லுது. ரெண்டாவது உருண்டைய நான் குடுக்கல, அவங்களே எடுத்தாங்க. அப்புறம் நிறுத்தல. ரெண்டு கையாலயும் எடுத்து எடுத்துத் தின்னாங்க. மோவாயில நெய் வழியுது. மூணு வருசத்துப் பசியும் ஒண்ணா வந்து ஒக்காந்த மாதிரி தின்னாங்க. ஒரு ஆளுக்கு நெசமாவே பசிச்சா எப்படித் தின்பாங்கன்னு அன்னைக்குத்தான் பக்கத்துல ஒக்காந்து பாத்தேன்.

தட்டுல கடைசியா ஒரே ஒரு உருண்ட இருந்துச்சு. அதக் கையில எடுத்தவங்க பழக்க தோசத்துல என் பக்கம் நீட்டுனாங்க. "நீ ஒரு வாய்?"

"வேணாம்க்கா."

மொகம் வெளுக்கும், ஐயோன்னு ஒரு சத்தம் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரல.

"சரி"ன்னாங்க. சொல்லிட்டு அதையும் அவங்க வாயிலயே போட்டுக்கிட்டாங்க.

எனக்கு வாய் பூரா எச்சி ஊறிப் போச்சு. அந்த நேரத்துலயும் ஊறுதேன்னு என் மேலயே தூன்னு இருந்துச்சு. அந்த எச்சிய முழுங்கிட்டு, அவங்க மென்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன்.